முன்பை தொங்கக் கூடாது, உட்கார வேண்டும்

கேள்வி: ஐயா, வணக்கம். காரைக்காலில் பிறந்து, திருமணத்திற்குப் பின் ரீயூனியன் தீவில் குடியேறி, இப்போது சேன்த்-ஆந்த்ரேயில் வசித்து வருகிறேன். பழைய இரும்புச் சட்டம் கொண்ட நெடும்பயண சைக்கிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. வளைந்த ஹேண்டில்பார், கான்டிலீவர் பிரேக், 35 மி.மீ. டயர், அலுமினிய மட்கார்டு. அதன் முன்னால் மாட்டுவதற்காகக் கான்வாஸ் பை ஒன்றை யாரோ பயன்படுத்திய நிலையில் வாங்கினேன். இரண்டு தோல் வார்களால் ஹேண்டில்பாரில் கட்டியிருக்கிறேன். கேமரா, மழைக்கோட்டு, தண்ணீர், சாப்பாடு, கருவிகள், பூட்டு எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோ வரை வருகிறது. வளைவுகளில் பை ஊசலாடுகிறது. மேடு பள்ளத்தில் மட்கார்டை உரசுகிறது. பிளேன் தெ பால்மிஸ்த் ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் இருபுறமும் அலைகிறது. பிளேன் தெ காஃப்ர் மேட்டுச் சமவெளியிலிருந்து லெ தாம்போன் ஊரை நோக்கி இறங்கும்போது ஒருமுறை ஹேண்டில்பாரே கிடுகிடுவென நடுங்கியது. ரப்பர் கொக்கிக் கயிற்றால் பையைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியும் பார்த்தேன், பயனில்லை. வார்களை இன்னும் இறுக்கினால் போதுமா, அல்லது நண்பர் சொல்வதுபோல் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாங்கியை வாங்க வேண்டுமா? பையின் முதுகில், அடிப்பக்கமாக, துணியால் தைத்த உறை போன்ற ஒரு திறப்பு இருக்கிறது. அது எதற்கென்று விளங்கவில்லை. இந்தப் பையோடு எரிமலை வரை போய்வர ஆசை.

பதில்: அன்புள்ள அம்மையீர், உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியிலேயே மற்ற எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது. பையின் முதுகில் உள்ள அந்தத் துணி உறை, முன்சக்கரத்துக்கு மேலே பொருத்தப்படும் சிறிய கேரியரின் பின்பகுதியில் நிமிர்ந்து நிற்கும் கம்பி வளையம் நுழைவதற்காகத் தைக்கப்பட்டது. அதாவது, உங்கள் பை ஹேண்டில்பாரில் தொங்குவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. கேரியரின் மேல் உட்காருவதற்காகச் செய்யப்பட்டது. ஆகவே வார்களை எவ்வளவு இறுக்கினாலும் உங்கள் சிக்கல் தீராது. நண்பர் சொல்லும் பிளாஸ்டிக் தாங்கியும் இந்தப் பைக்கு ஏற்றதல்ல. முதலில் ஒரு முன் கேரியரை வாங்குங்கள். பிறகு பையின் மேல்பகுதியைப் பிடித்துக்கொள்ள ஒரு சிறு தாங்கி. பை இப்போது இருப்பதே போதும்.

இரண்டு வார்களில் தொங்கும் பைக்கு இரண்டே பிடிமானங்கள் உண்டு, அவை இரண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றன. அந்தக் கோட்டையே அச்சாகக் கொண்டு பை முன்னும் பின்னும் ஆடும். ஹேண்டில்பாரில் மாட்டிய பால் தூக்குவாளி ஆடுவதைப் போலத்தான். வாரை இறுக்குவதால் அச்சு ஹேண்டில்பாருக்கு இன்னும் நெருங்குமே தவிர மறைந்துவிடாது. அதற்குள் பிரேக் கேபிள்கள் நசுங்கி மடிந்து, பிரேக் கனமாக இழுபடத் தொடங்கும். ஆட்டம் நிற்க வேண்டுமானால், அந்தக் கோட்டுக்கு வெளியே மூன்றாவதாக ஒரு பிடிமானம் தேவை, அதுவும் பையின் அடியில் தேவை.

ரப்பர் கயிற்றைப் பற்றி மட்டும் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போதே அதை அவிழ்த்துவிடுங்கள். ரப்பர் ஆட்டத்தை நிறுத்துவதில்லை, வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தருகிறது. அதைவிட முக்கியமாக, நீங்கள் பையைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள். ஹேண்டில்பார், அதைத் தாங்கும் ஸ்டெம், முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க், ஃபோர்க்கின் மேல் நிற்கும் கேரியர் ஆகியவை சேர்ந்து ஒன்றாகத் திரும்புபவை, சட்டம் திரும்பாதது. திரும்பும் பாகத்தில் உள்ள பையைத் திரும்பாத சட்டத்தோடு இழுத்துக் கட்டினால், ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கயிறு ஹேண்டில்பாரை உங்களுக்கு எதிராக இழுக்கும். கொக்கி நழுவிச் சக்கரத்தின் கம்பிகளுக்குள் விழுந்தால் என்ன நேரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. முன்பை தொடர்பாக நீங்கள் எதைக் கட்டினாலும், அது திரும்பும் பாகங்களிலேயே தொடங்கித் திரும்பும் பாகங்களிலேயே முடிய வேண்டும்.

ஏற்றத்தில் சக்கரம் அலைவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. கேரியர் வைத்த பிறகும் அது ஓரளவு எஞ்சியிருக்கும் என்பதால் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஃபோர்க் திரும்பும் அச்சை ஒரு கோடாகக் கற்பனை செய்து தரை வரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். இந்த இடைவெளியைத் தொழிலில் டிரெயில் என்போம். சக்கரத்தின் ஆரம் 345 மி.மீ., ஃபோர்க்கின் சாய்வு 72 பாகை, ஃபோர்க்கின் முன்வளைவு 45 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் டிரெயில் சுமார் 65 மி.மீ. வரும், கடைகளில் விற்கும் நெடும்பயண சைக்கிள்களில் பெரும்பாலானவை ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். முன்வளைவை 65 மி.மீ. ஆக்கினால் அதே சைக்கிளின் டிரெயில் சுமார் 44 மி.மீ. ஆகக் குறைந்துவிடும். டிரெயில் அதிகமாக உள்ள சைக்கிள் வேகத்தில் நேராகப் போக விரும்பும். ஆனால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கம் சற்றே திரும்பினாலும், முன்பாகம் கீழிறங்கி, திரும்பிய பக்கமே மேலும் விழப் பார்க்கும். அந்த முன்பாகத்தில் ஐந்து கிலோ ஏறியிருந்தால் விழும் விசையும் கூடுகிறது. மணிக்கு ஏழு எட்டுக் கிலோமீட்டரில் பிளேன் தெ பால்மிஸ்த் ஏற்றத்தில் நீங்கள் உணர்ந்த அலைச்சல் இதுதான்.

பிரான்சின் பழைய சைக்கிள் கைவினைஞர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். பாரிஸ் நகரிலிருந்து பிரெஸ்த் வரை சென்று திரும்பும் நெடும்பயணம் 1891-இல் பந்தயமாகத் தொடங்கியது. 1931 முதல் பந்தய வீரரல்லாத சாதாரணப் பயணிகளுக்கும் அது திறந்துவிடப்பட்டது. இரவு பகலாக ஓட்டும் அந்தப் பயணிகளுக்கு வரைபடமும் சாப்பாடும் கையெட்டும் தூரத்தில் வேண்டும் என்பதால், பாரிசுக்கு அருகிலுள்ள லெவல்லுவா-பெரேயில் பட்டறை வைத்திருந்த ரெனே எர்ஸ், அலெக்ஸ் சேங்கெர் போன்றவர்கள் முன்பையையும் கேரியரையும் ஃபோர்க்கின் வளைவையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்த்தே வடிவமைத்தார்கள். நீங்கள் வாங்கிய கான்வாஸ் பை அந்த வழி வந்த வடிவம். உங்கள் சைக்கிளின் ஃபோர்க் அந்த வகையாக இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்காக ஃபோர்க்கை மாற்றுங்கள் என்று சொல்ல மாட்டேன். செலவுக்கு ஏற்ற பலன் இராது. அதற்குப் பதிலாக முன்பையின் எடையைக் குறையுங்கள். பையையும் சேர்த்து மூன்று கிலோவுக்குள் நிறுத்துவது உங்கள் சைக்கிளுக்குச் சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு.

கேரியரைப் பொறுத்தவரை உங்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. கான்டிலீவர் பிரேக் உள்ள ஃபோர்க்கில், பிரேக் கைகளைத் தாங்கும் இரண்டு முளைகள் இருக்கின்றன. ஃபோர்க்கின் தலைப்பகுதியில் பெரும்பாலும் ஒரு துளையும் இருக்கும். இந்த மூன்று இடங்களில் பிடித்து நிற்கும் சிறு கேரியர்கள் கிடைக்கின்றன. அவற்றின் மேல்தளம் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவே. வாங்கும்போது பின்புறம் கம்பி வளையம் நிமிர்ந்திருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பையின் உறைக்குள் அது தளர்வில்லாமல் நுழைகிறதா என்று பையைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். உறை மிகவும் அகலமாக இருந்தால், வளையத்தைச் சுற்றித் தோல் துண்டு ஒன்றைத் தைத்துத் தடிப்பாக்கலாம். முளைகளில் பொருத்தும்போது, கேரியரின் கால் இடையில் வந்துவிடுவதால் பழைய போல்ட் நீளம் போதாமல் போகக்கூடும். திருகுமரை முழுமையாகப் பிடிக்கும் அளவுக்கு நீளமான, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டையே போட வேண்டும். பிரேக்கின் போல்ட்டும் அதுவேதான் என்பதால் இந்த இடத்தில் சிக்கனம் கூடாது. கேரியரைப் பொருத்தி முடித்ததும் பிரேக் கைகள் தடையின்றி விரிந்து திரும்புகின்றனவா என்று பார்த்துவிட்டு, பிரேக் கட்டைகள் சக்கர விளிம்பான ரிம்மில் சரியான இடத்தில் படுகின்றனவா என்பதையும் சரிபாருங்கள்.

தளம் மட்கார்டை எவ்வளவு நெருங்கி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு விரல் இடைவெளி போதும். எடை கீழே இறங்க இறங்க ஆட்டம் குறையும். தளம் கிடைமட்டமாகவோ, முன்பக்கம் மிகச் சிறிதளவு உயர்ந்தோ இருக்க வேண்டும். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு குழியிலும் பை முன்னோக்கி நழுவப் பார்க்கும். எல்லா போல்ட்டுகளுக்கும் திருகு தளராமல் பிடிக்கும் நீல நிறப் பசையை ஒரு சொட்டு விடுங்கள்.

அடுத்தது மேல்பிடி. பிரெஞ்சுக்காரர்கள் தெகலேர் என்று அழைக்கும் இந்தச் சிறு தாங்கி, ஸ்டெம்மிலோ அதன் கீழே உள்ள வளையங்களின் இடையிலோ பொருத்தப்படுகிறது. பையின் முதுகில் பொருத்திய இரண்டு ஊசிக்கம்பிகள் அதன் குழல்களுக்குள் இறங்கி நிற்கும். பலர் இதைச் சுமை தாங்கி என்று நினைத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள். சுமையைத் தாங்குவது கேரியர். பை முன்னோக்கிக் கவிழாமலும் பக்கவாட்டில் சாயாமலும் பிடித்திருப்பது மட்டுமே இதன் வேலை. எனவே உயரத்தைக் கணக்கிடும்போது, பையைக் கேரியரின் மேல் முழுமையாக உட்கார வைத்து, அந்த நிலையில் ஊசிகள் எங்கே வருகின்றனவோ அங்கே குழல்களை அமையுங்கள். தலைகீழாக, குழல்களை முதலில் பொருத்திவிட்டுப் பையை அவற்றில் மாட்டினால், பை கேரியருக்கு மேல் அரை அங்குலம் அந்தரத்தில் நிற்கும். கேரியர் வாங்கிய பணம் வீண். ஊசிகள் வெறும் உராய்வில் மட்டும் நிற்கும் வகையாக இருந்தால், கரடுமுரடான பாதையில் பை மேலே துள்ளிக் கழன்றுவிடக்கூடும் என்பதால், பையின் அடியையும் கேரியரின் தளத்தையும் சேர்த்து ஒரு குறுகிய வாரால் கட்டிவிடுங்கள்.

மேல்பிடி கிடைக்காவிட்டாலும், அதன் விலை அதிகமாகத் தோன்றினாலும் (சிறிய சாமானுக்கு அது விலை அதிகம்தான்), உங்கள் இரண்டு தோல் வார்களையே மேல்பிடியாக வைத்துக்கொள்ளலாம். அடியில் கேரியரும் வளையமும் வந்துவிட்டதால் வார்களின் வேலை இப்போது எளிதாகிவிட்டது. ஆனால் தோல் நனைந்தால் நீளும். கடலோர ஊரான சேன்-பெனுவாவுக்கும் பிளேன் தெ பால்மிஸ்துக்கும் இடையில் நனையாமல் ஏறியவர்கள் அரிது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீளாத நைலான் வார்களாக மாற்றிக்கொள்வதே மேல். கான்வாஸ் துணியும் நீண்ட மழையை முழுவதுமாகத் தடுக்காது என்பதால், கேமராவை நீர்புகாத உட்பையில் வையுங்கள்.

இனி மூன்று கிலோவுக்குள் வருவது எப்படி என்று பார்ப்போம். தண்ணீர் முன்பையில் இருக்கவே கூடாது. ஒரு லிட்டர் ஒரு கிலோ, தவிரவும் அது உள்ளே அலையும். சட்டத்தின் முக்கோணத்துக்குள் புட்டி தாங்கிகளை மாட்டி அங்கே வையுங்கள். கருவிகள் இருக்கைக்குக் கீழே சிறு பையில் போகட்டும், பூட்டும் சட்டத்தோடு போகட்டும். மிஞ்சுவது கேமரா, மழைக்கோட்டு, சாப்பாடு. மழைக்கோட்டை அடியில் மடித்துப் பரப்பி, அதன் மேல் கேமராவைப் பையின் முதுகுப்பக்கம் ஒட்டி வையுங்கள். எடை திரும்பும் அச்சுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு ஹேண்டில்பார் இலகுவாகத் திரும்பும். இடம் வலம் இரண்டு பக்கப் பைகளிலும் எடை சமமாக இருக்கட்டும். பழைய கான்வாஸ் பைகள் நாளடைவில் துவண்டு வயிறு தள்ளிவிடும். அடியிலும் முதுகிலும் அளவாக வெட்டிய தடித்த பிளாஸ்டிக் அட்டையைச் செருகினால் பை மீண்டும் நிமிர்ந்து நிற்கும். இது காசில்லாத வேலை, ஆனால் பல பைகளின் ஆட்டம் இதிலேயே பாதி குறைந்துவிடும்.

இறக்கத்தில் ஹேண்டில்பார் நடுங்கியதைப் பற்றி. அதற்குப் பை ஒரு காரணமாக இருக்கலாம்; ஆனால் பையின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு மற்றதைக் கவனிக்காமல் விடுவது ஆபத்து. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஃபோர்க்கின் தலைப்பகுதியில் கடகடவென்ற அசைவு விரலுக்குத் தெரிந்தால், ஃபோர்க்கைத் திரும்ப விடும் பேரிங் தொகுதியான ஹெட்செட் தளர்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் இறக்கத்தில் போகக் கூடாது. சக்கரம் நெளிந்திருக்கிறதா, முன்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் பேரிங் ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். பயணத்தின் நடுவே மறுபடியும் நடுக்கம் வந்தால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்க வேண்டாம்; ஒரு முழங்காலைச் சட்டத்தின் மேல்குழாயில் அழுத்தி, இருக்கையிலிருந்து உடலைச் சற்றே உயர்த்தி, பிரேக்கை மெல்ல மெல்லப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். நடுக்கம் அடங்கிவிடும். நின்றபின் காரணத்தைத் தேடலாம்.

நண்பர் சொன்ன பிளாஸ்டிக் தாங்கியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அதற்கென்றே செய்த, உள்ளே விறைப்பான சட்டம் கொண்ட பையோடு, இரண்டு கிலோ அளவில், தார்ச்சாலையில் அது நன்றாக உழைக்கும். இறங்கிக் கடைக்குள் போகும்போது ஒரு நொடியில் கழற்றி எடுத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அதுவும் தொங்கும் முறைதான். எடை முழுவதையும் ஹேண்டில்பாரைச் சுற்றிய பிடிப்பே தாங்க வேண்டும். தொடர்ந்து குலுங்கினால் பிடிப்பு மெதுவாகச் சுழன்று, பை மூக்கைக் கீழே தாழ்த்திவிடும். வாங்க நேர்ந்தால், ஹேண்டில்பாரின் நடுப்பகுதி விட்டம் 25.4 மி.மீ., 26 மி.மீ., 31.8 மி.மீ. ஆகியவற்றில் எதுவென்று அளந்துகொண்டு போகவும்.

முன்பை வந்தபின் பலரும் மறப்பது விளக்கை. ஹேண்டில்பாரில் இருக்கும் விளக்கு பைக்குப் பின்னால் ஒளிந்து, பையின் மூடியை மட்டும் வெளிச்சமாக்கும். அதைக் கேரியரின் முன்முனைக்கு இடம் மாற்றுங்கள். பிளேன் தெ காஃப்ரில் பிற்பகல் ஆனதும் மூடுபனி இறங்கிவிடுவதால் இது அங்கே பகலிலும் தேவைப்படும். பார்வை மங்கும் நேரத்தில் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது பிரான்சின் போக்குவரத்துச் சட்டமும்கூட, அது நம் தீவுக்கும் பொருந்தும்.

எல்லாம் பொருத்தியானதும், பையை நிரப்பி, ஹேண்டில்பாரை இடது கோடி வரையும் வலது கோடி வரையும் திருப்பிப் பாருங்கள். எந்தக் கேபிளும் விறைத்து இழுபடக் கூடாது, பையில் அழுந்தி மடியவும் கூடாது. பிறகு பையின் மேல்விளிம்பைப் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள். பையோடு சேர்ந்து சைக்கிளும் குலுங்கினால் வேலை சரியாக முடிந்திருக்கிறது. சைக்கிள் நிற்கப் பை மட்டும் அசைந்தால் எங்கோ ஒரு பிடிமானம் தளர்ந்திருக்கிறது. முதல் ஓட்டத்தை வெறும் பையோடு ஊருக்குள்ளேயே செய்யுங்கள், அடுத்ததைப் பாதி எடையோடு, அதன் பிறகே முழு எடையோடு. முதல் ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். புதிதாக வைத்த கேரியர் தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும்போது போல்ட்டுகள் சற்று இளகுவது இயல்பு.

எரிமலைப் பயணத்துக்கு இப்பை தாங்கும். சேன்-பெனுவாவிலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் ஏறி, பிளேன் தெ காஃப்ரிலுள்ள பூர்-மியூரா ஊர் வரை வருவது கால்களுக்குத்தான் சோதனை, பைக்கு அல்ல. பைக்கான சோதனை அதற்கப்பால், சாலை பிளேன் தெ சாப்ல் என்ற எரிமலை மணல்வெளிக்குள் வளைந்து இறங்கி, தார் முடிந்து, அலையலையாக நெளிந்த கற்பாதையாக மாறும் இடத்தில் வருகிறது. எரிமலையைப் பார்க்கும் இடமான, 2,311 மீட்டர் உயரத்திலுள்ள பா தெ பெல்கோம்ப் வரை அதைக் கடந்தாக வேண்டும். அந்த அதிர்வில் வேகம் கூடினால் எவ்வளவு நல்ல பிடிமானமும் தளரும். டயரின் காற்றைச் சற்றுக் குறைத்து, நடைக்கு இரண்டு மடங்கு வேகத்தில் மட்டும் செல்லுங்கள். கேமராவைச் சுற்றி ஒரு துணியையும் வைத்துவிடுங்கள். போகும்போது பூர்-மியூராவில் இறங்கி, கேரியரின் மூன்று போல்ட்டுகளையும் மேல்பிடியையும் கையால் அசைத்துப் பாருங்கள். ஏதேனும் ஒன்று இளகியிருந்தால் அங்கேயே இறுக்கிவிட்டு மேலே செல்லுங்கள், அதற்கு வேண்டிய சாவியை இருக்கைக்குக் கீழே உள்ள பையில் மறவாமல் வையுங்கள்.